தாங்காத இரண்டு சக்கரங்கள்

என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுக்கிறாள். நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகிறது. போன வருஷம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ரோபோ போட்டியில் எதிரெதிர் அணிகளில் நின்றோம். என் அணி ஜெயித்தது. விதிமுறைப்படிதான் ஜெயித்தோம். நடுவர் எங்கள் கையைத் தூக்கிப் பிடித்து அறிவித்தார். கோப்பை இப்போதும் மில் ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது நான் அதைப் பார்ப்பதில்லை.

போட்டியை நடத்தியது இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரி. மாணவர்களுக்குத் தனிப் பிரிவு. வேலை பார்க்கிறவர்கள், ஆசிரியர்கள், யாராக இருந்தாலும் கலந்துகொள்ள ஒரு பொதுப் பிரிவு. அவள் தன்னிடம் படிக்கிற இரண்டு கடைசி வருஷப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பொதுப் பிரிவில் பெயர் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அந்த அறிவிப்பு எங்கள் மேனேஜர் கண்ணில் பட்டது. மில் சார்பில் ஒரு டீம் போக வேண்டும் என்றார். நூல் நூற்கிற ரிங் பிரேம் பிரிவில் பிட்டராக இருக்கிற அண்ணாச்சியையும் என்னையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அண்ணாச்சி என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ரிமோட் பிடித்தால் கை ஆடாது.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன்.

"அப்போ நீங்க எனக்கு எதிரியா?" என்றாள்.

"எத்தனை டீம் வருதோ. நம்ம ரெண்டு பேரும் நேருக்கு நேர் நிக்கணும்னு என்ன இருக்கு?"

"நின்னா?"

"நின்னா வெளையாடுவோம்."

சிரித்தாள். "அப்போ ஒரு பேச்சு. என் ரோபோவப் பத்தி நீங்க கேக்கக் கூடாது. ஒங்க ரோபோவப் பத்தி நானும் கேக்க மாட்டேன்."

சரி என்றேன். இந்தப் பேச்சை முதலில் மீறியது அவள்தானே என்று பிற்பாடு ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இருக்கவில்லை.

விளையாட்டு சுலபமானது. பெரிய ப்ளைவுட் மேடை, தரையிலிருந்து ஒரு சாண் உயரம். மேடையெங்கும் மில்லில் நூல் சுற்றுகிற பிளாஸ்டிக் கோன்களை நிறுத்தி வைத்திருப்பார்கள். ஒரு நேரத்தில் இரண்டு ரோபோக்கள். யார் அதிகமான கோன்களைப் பிடித்துக்கொண்டுபோய்த் தன் வட்டத்தில் வைக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. வேகமாக வந்து மோதக் கூடாது. ஒட்டி நின்று தள்ளலாம். தள்ளி, எதிராளியை மேடையை விட்டு இறக்கிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. வண்டி பத்து கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

நாங்கள் செய்தது பார்க்க லட்சணமாக இருக்காது. இரும்பு ஆங்கிள் சட்டம், லாரி வைப்பர் மோட்டார்கள், நான்கு மொத்த ரப்பர் சக்கரங்கள். முன்னால் போகும், பின்னால் வரும், திரும்ப வேண்டுமென்றால் நின்று நிதானித்துத் திரும்பும். மில்லில் அதற்கு எருமை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அண்ணாச்சிக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

அவளுடையது வேறு ஜாதி. ஆம்னி வீல் என்று ஒரு சக்கரம் இருக்கிறது. அதன் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன உருளைகள் குறுக்காகப் பொருத்தியிருக்கும். முன்னால் உருட்டினால் சாதாரணச் சக்கரம் மாதிரி உருளும். பக்கவாட்டில் தள்ளினால், அந்தச் சின்ன உருளைகள் சுற்றி, சக்கரம் அப்படியே பக்கத்தில் போய்விடும். முதல் சக்கரம் கூரியரில் வந்ததும் அதை டிவி ஸ்டாண்டில் வைத்துக்கொண்டு, சீரியல் பார்க்கிறபோதெல்லாம் விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். அப்படி நான்கு சக்கரங்களைச் சதுரச் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் சாய்வாகப் பூட்டினால் வண்டி திரும்பாமலே எந்தத் திசைக்கும் போகும். நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும், குறுக்கே போகும், போய்க்கொண்டே சுற்றவும் செய்யும்.

ஆயுத பூஜை விடுமுறையில் பாலிடெக்னிக் பூட்டியிருந்தது. அந்த இரண்டு பெண்களும் ஊருக்குப் போய்விட்டார்கள். போட்டி நெருங்கிவிட்டதால் வண்டியை பேண்டேஜ் துணி வருகிற அட்டைப்பெட்டி ஒன்றில் வைத்து, பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலில் இருந்த சாமானையெல்லாம் ஓரம் கட்டினாள். பழைய கட்டில் பலகையை எடுத்துத் தரையில் போட்டாள். சரக்கு எடை போடுகிற கொக்கித் தராசு ஒன்றை ஜன்னல் கம்பியில் கட்டி, கயிற்றின் மறுமுனையை ரோபோவில் மாட்டினாள். ரோபோ இழுக்கும். சக்கரம் வழுக்க ஆரம்பிக்கிற நேரம் தராசு முள் எங்கே நிற்கிறதோ, அதுதான் அதன் பலம். ரிமோட்டைப் பிடிக்க ஒரு ஆள், முள்ளைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

செத்த நேரம் தனியாகவே முயன்று பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்த முள்ள மட்டும் பாத்துச் சொல்லுங்களேன்."

"கேக்கக் கூடாதுன்னு சொன்ன?"

"கேக்கத்தான் கூடாது. பாத்துச் சொல்றதுல என்ன?"

நானும் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன். நேராக இழுத்தபோது முள் ஐந்து கிலோவில் நின்றது. சக்கரங்கள் பலகையில் உரசிச் சுற்றின. எருமை முந்தின வாரம் மில்லில் எட்டு கிலோ வரை இழுத்ததை நான் பார்த்திருந்தேன். அதைச் சொல்லவில்லை.

அவளுக்கு ஐந்து என்பது ஆச்சரியமாக இல்லை. "சக்கரம் சாய்வா நிக்கிதுல்ல. ஒவ்வொண்ணும் கொஞ்சம் முன்னால தள்ளுது, கொஞ்சம் பக்கத்துல தள்ளுது. பக்கத்துல தள்ளுறதெல்லாம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு வீணாப் போவுது. மிச்சம்தான் இது" என்றாள்.

"ரப்பர் சக்கரத்துக்கு முன்னால நிக்குமா?"

"நிக்காது. எதுக்கு நிக்கணும்? அது தள்ள வர்றதுக்குள்ள நான் நகந்துருவேன்."

பிறகு கயிற்றை அவிழ்த்து ஒரு மூலையில் மாட்டினாள். இழுக்கச் செய்தாள். முள் மூன்றரையைத் தாண்டவில்லை. குனிந்து, எந்தச் சக்கரம் என்ன செய்கிறது என்று பார்த்தாள். கயிறு கட்டிய மூலையில் இருந்த சக்கரமும் அதற்கு நேர் எதிர் மூலையில் இருந்த சக்கரமும் இழுப்பில் சேரவே இல்லை. அந்தத் திசையில் அவை தங்கள் சின்ன உருளைகளின் மேல் சும்மா வழுக்கிக்கொண்டிருந்தன. மற்ற இரண்டு மட்டுமே தரையைப் பிடித்து நின்றன.

"மூலையில ரெண்டு சக்கரம்தான் தாங்குது" என்றாள். முகத்தில் சின்ன வருத்தம்.

"யாராச்சும் மூலையப் பிடிச்சுத் தள்ளுனா?"

"வெளிய இருந்து பாத்தா எல்லாப் பக்கமும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். எவனுக்குத் தெரியப் போவுது?"

யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியிருக்காது. தராசை அவிழ்த்துக் கையில் கொடுத்துவிட்டு, இட்லிக்குச் சட்னி அரைக்கப் போய்விட்டாள்.

போட்டியன்று மில்லிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். பொதுப் பிரிவில் ஆறு அணிகள்தான். எருமை முதல் ஆட்டத்தில் ஒரு டிப்ளமா படித்த கடைக்காரரின் ரோபோவைச் சத்தமில்லாமல் மேடையை விட்டு இறக்கியது. அவளுடைய ரோபோ தன் ஆட்டத்தில் எதிராளியைத் தொடவே விடாமல் கோன்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கியது. சனங்கள் அதைத்தான் ரசித்தார்கள். நானும் ரசித்தேன். பக்கத்தில் இருந்தவரிடம், அது என் வீட்டுக்காரி செய்தது என்று சொல்லிக்கொண்டேன்.

கடைசி ஆட்டத்தில் அவளும் நாங்களும்.

ஆரம்பத்திலிருந்தே எங்களுக்குக் கேவலமாகப் போனது. அண்ணாச்சி எருமையை அவள் ரோபோவின் பக்கமாகக் கொண்டுபோவார். அது முகத்தைக்கூடத் திருப்பாமல் பக்கவாட்டில் விலகும். எருமை வெறுமனே தாண்டிப்போய் நிற்கும். மறுபடி நின்று, திரும்பி வருவதற்குள் அவள் இன்னொரு கோனை எடுத்துவிடுவாள். இரண்டு முறை எருமை தன் வேகத்திலேயே மேடை விளிம்பு வரை போய் நின்றது. கூட்டம் சிரித்தது. எங்கள் வேனில் வந்தவர்களே சிரித்தார்கள். "எருமைய ஓட்டிட்டுக் கம்மாய்க்குப் போங்கலே" என்று யாரோ கத்தினார்கள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவள் எதிர்ப்பக்கம் ரிமோட்டோடு நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, ரோபோவைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அவள் வட்டத்தில் ஆறு கோன். எங்களுடையதில் மூன்று. ஆட்டம் முடிய ஒரு நிமிஷத்துக்கும் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

"ஏமி செய்யலாம் தம்பி?" என்றார் அண்ணாச்சி. பதற்றத்தில் அவருக்குத் தெலுங்கு வந்துவிடும்.

கோனை வட்டத்தில் வைக்கிறபோது மட்டும் அவள் ரோபோ ஒரு கணம் நின்றே ஆக வேண்டும். அவள் வட்டம் மேடை விளிம்பை ஒட்டி இருந்தது. நிற்கும்போது அதன் ஒரு மூலை எங்களைப் பார்த்து இருந்தது. இதையெல்லாம் நான் யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது.

"வைக்கிறதுக்கு நிக்கும்போது போங்க. நடுவுல தொடாதீங்க. மூலைய, மூலையப் பிடிங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. எருமை மெதுவாகப் போய் அந்த மூலையில் தன் நெற்றியை வைத்தது. தள்ளியது.

நேராகத் தள்ளியிருந்தாலும் ஒருவேளை நாங்கள் ஜெயித்திருப்போம். எட்டுக்கு ஐந்து தாங்காது. ஆனால் அவளுக்கு விலகிப்போக நேரம் கிடைத்திருக்கும். மூலையில் தள்ளியபோது அந்த நேரம் கிடைக்கவில்லை. நான்கு சக்கரமும் முழு வேகத்தில் சுற்றுவது கேட்டது. இரண்டு சும்மா வழுக்கின. மற்ற இரண்டும் தங்களால் ஆன மட்டும் பிடித்தபடியே பின்னால் போயின. அவள் ரோபோவைச் சுற்றித் திருப்பப் பார்த்தாள். கொஞ்சம் திரும்பியது. "வலது, வலது" என்றேன் நான். அண்ணாச்சி எருமையை வலதில் ஒடித்து மறுபடியும் மூலையில் வைத்தார். எல்லாம் ரொம்ப மெதுவாக நடந்தது. வேகமாக நடந்திருந்தால் என்னால் மறந்திருக்க முடியும்.

மேடையின் விளிம்பில் ஒரு சக்கரம் இறங்கியது. பிறகு முழு வண்டியும் சாய்ந்து விழுந்தது. சக்கரம் ஒன்று உடைந்து அதன் உருளைகள் நாற்காலிகளுக்கு அடியில் சிதறி ஓடின. எங்கள் வேன்காரர்கள் விசிலடித்தார்கள். அவளுடைய மாணவிகளில் ஒருத்தி நாற்காலிகளுக்கு அடியில் தவழ்ந்து உருளைகளைப் பொறுக்கித் துப்பட்டாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் கை கொடுக்க வேண்டும் என்று வழக்கம். அவள் அண்ணாச்சிக்கு வணக்கம் சொன்னாள். எனக்குக் கை கொடுத்து, "கங்கிராட்ஸ்" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் எனக்குக் கை கொடுத்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பைக்கில் வீட்டுக்கு வந்தோம். பெட்டி அவள் மடியில். பாதி வழி வரும்போது, மழை வரும்போல இருக்கிறது என்றாள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேசினோம். வீட்டில் அவள் கோபமாக இல்லை. தோசை ஊற்றிக் கொடுத்தாள். எனக்கு வந்த வாழ்த்து போன்களையெல்லாம் எடுத்து, "இந்தாங்க, பேசுங்க" என்று என்னிடம் நீட்டினாள். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். விதியில் இருக்கிறதைத்தானே செய்தோம் என்று சொல்வதற்கு வாக்கியமெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் மில்லில் டீ குடிக்கும்போது அண்ணாச்சி அந்த ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். "மூலையில பலம் கம்மின்னு பாத்த ஒடனே எப்படித் தம்பி கண்டுபிடிச்ச? எனக்கு வெளங்கவே இல்ல" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வீட்டுல அவ டெஸ்ட் பண்ணும்போது கூட இருந்தேன்" என்றேன்.

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அந்தப் பிள்ள உன்ன நம்பிக் காட்டுனதா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எனக்கு முன்னாலயே சொல்லியிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன்" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. மீதி டீயைக் குடிக்காமல் பிரேமுக்குப் போய்விட்டார். மதுரையில் அடுத்த சுற்று இருந்தது. அதற்கு வரமாட்டேன் என்று மேனேஜரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார். காரணம் முட்டுவலி என்று சொன்னாராம்.

எனக்கு ஏதாவது செய்தாக வேண்டும் போல இருந்தது. ஆம்னி வீல் ஒன்றை ஆர்டர் செய்து வரவழைத்தேன். அவளிடம் கொடுக்கத் தைரியம் இல்லாமல், அவள் வகுப்பில் இருக்கிற நேரம் பார்த்து பாலிடெக்னிக் லேபுக்கு நேராகவே கொண்டுபோனேன். உருளை பொறுக்கிய அந்தப் பெண் மட்டும் அங்கே இருந்தாள். சுந்தரபாண்டியத்துப் பெண். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"மேடம் கிளாஸ்ல இருக்காங்க சார்."

"பரவால்லம்மா. இத அவங்ககிட்ட குடுத்துரு. ஒடஞ்ச சக்கரத்துக்குப் பதில்."

அவள் டப்பாவை வாங்கி மேசையில் வைத்தாள். பிரிக்கவில்லை. மரியாதை குறையாத குரலில் சொன்னாள்.

"லீவுல ரோபோவ வீட்டுக்குக் கொண்டுபோறேன்னு மேடம் சொன்னப்போ நாங்க வேண்டாம்னோம் சார். நீங்க மில்லு டீம்ல இருக்கீங்கல்ல. அதுக்கு மேடம் ரொம்பக் கோவப்பட்டாங்க. அவிய அப்படிப்பட்டவிய இல்லன்னு சொன்னாங்க. பொறவு நாங்களும் மன்னிப்புக் கேட்டோம்."

அந்தப் பெண் குத்திக்காட்டுவதற்காகச் சொன்னாள் என்று எனக்குத் தோன்றவில்லை. நடந்ததைச் சொன்னாள். நான் வாரேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். பைக்கைக் கிளப்பத் தோன்றவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன். பால்கோவாக் கடைக்காரர் ஒருவர் பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜெயித்ததற்காக வருத்தப்பட்டது ஒரு மாதிரி. எனக்காக அவள் இரண்டு பிள்ளைகளை மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறாள் என்பது வேறு மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளைகள் சொன்னதுதான் சரி. அதை நான்தான் சரியாக்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும் நானே ஆரம்பித்தேன்.

"மூலையப் பிடிக்கச் சொன்னது நான்தான்."

"தெரியும்" என்றாள். கைப்பையை ஆணியில் மாட்டினாள். "அம்புட்டுச் சத்தத்துலயும் ஒங்க குரல் எனக்குத் தெரியாதா? வலது, வலதுன்னீங்க."

"ஏன் கேக்கல?"

"கேட்டு? நீங்க என்ன சொல்லணும்னு?"

மதுரைக்குப் போகப்போவதில்லை, மேனேஜரிடம் நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"எதுக்குப் போவல?"

"ஒழுங்கா ஜெயிக்கலையே."

"ரூல்படி ஜெயிச்சீங்க. நாங்க தோத்தோம். என் வண்டி மூலையில வீக்கு. நீங்க சொல்லலைன்னாலும் மதுரையில வேற எவனாவது தள்ளித்தான் இருப்பான். அது இஞ்சினியரிங்." கொடியில் கிடந்த துண்டை எடுத்தாள். "இப்போ நீங்க போவாம இருக்கது ஒங்களுக்கு லேசா ஆகணும்னுதான். எங்களுக்கு அதுல என்ன வருது? அந்தப் புள்ளைகளுக்கு என்ன வருது?"

"நான் சக்கரம் வாங்கி..."

"பாத்தேன். நல்ல சக்கரம். நன்றி" என்றாள். உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்து அரிசி களைந்தாள்.

அவள் சொன்னதற்குப் பிறகு போகாமல் இருக்கவும் முடியவில்லை. அண்ணாச்சிக்குப் பதில் வேறொரு பிட்டரைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன். அவளும் அந்த இரண்டு பெண்களோடு வந்தாள். எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்தார்கள் என்று சொல்ல முடியாது. மற்றவர்களின் வண்டிகளுக்கு அடியில் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே எருமையை ஒரு கோயம்புத்தூர் வண்டி ஓரம் கட்டிவிட்டது. அவர்களுடைய ரப்பர் இன்னும் மென்மையானது, எங்களுடையதைவிட நன்றாகத் தரையைப் பிடித்தது. தோற்றபோது எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. வேனில் திரும்பி வரும்போது யாரும் சிரிக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு ரோபோவைப் பற்றி வீட்டில் பேச்சு வரவில்லை. அவள் சனிக்கிழமைகளிலும் பாலிடெக்னிக்குக்குப் போனாள். நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதானே பேச்சு.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒருநாள் அண்ணாச்சி என்னைத் தேடி பேனல் ரூமுக்கு வந்தார். "ஒன் வீட்டுக்காரம்மா போன் பண்ணுனாங்க. சனிக்கிழம எருமையக் கொண்டு வரச் சொல்றாங்க. அவங்க புது வண்டியத் தள்ளிப் பாக்கணுமாம்" என்றார்.

"உங்களுக்கா பண்ணுனா?"

"எனக்குத்தான்." அவருக்கே சங்கடமாக இருந்தது. "நீயும் வா தம்பி. வரக் கூடாதுன்னு சொல்லல."

போனேன். லேபுக்கு வெளியே பெரிய ஹாலில் ப்ளைவுட் போட்டிருந்தார்கள். வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் சுற்றி நின்றார்கள். புது வண்டியிலும் நான்கு மூலையிலும் அதே ஆம்னி வீல்கள். ஆனால் வயிற்றுக்கு நடுவே இரண்டு ரப்பர் சக்கரங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் அவை கீழே இறங்கித் தரையில் ஊன்றும். வண்டியின் பாரம் முக்கால்வாசி அவற்றின் மேல் வந்துவிடும். ஓடும்போது ஆம்னி வீலில் ஓடலாம், யாராவது தள்ள வந்தால் ரப்பரில் நிற்கலாம். சுந்தரபாண்டியத்துப் பெண் அண்ணாச்சிக்கு இதையெல்லாம் விளக்கினாள். நான் அவர் பின்னால் நின்று கேட்டேன்.

அண்ணாச்சி எருமையை நேராகக் கொண்டுபோய்த் தள்ளினார். பக்கவாட்டில் தள்ளினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கீழே குனிந்துகொண்டேன். ரிமோட் பிடித்திருந்த அவள்தான் சொன்னாள்.

"மூலையில தள்ளுங்க அண்ணாச்சி. அதுக்குத்தான் கூப்ட்டது."

எருமை மூலையில் தலையை வைத்தது. மோட்டார் உறுமியது. சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றி, ரப்பர் கருகுகிற வாசனை வந்தது. அவள் வண்டி ஒரு விரற்கடை நகர்ந்து நின்றுவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அண்ணாச்சி ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு அவரும் தட்டினார். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. நானும் தட்டினேன். மனசார சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்று அவளும் நானும் பைக்கில் வீட்டுக்கு வந்தோம். என் தோளில் கையை வைத்துக்கொண்டு வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். ரப்பர் சக்கரம் இறங்குகிற லீவர் மூன்று தடவை உடைந்ததைச் சொன்னாள். பேட்டரியை எங்கே வைப்பது என்று பிள்ளைகளோடு சண்டை போட்டதைச் சொன்னாள். இத்தனை மாசத்துப் பேச்சு. நான் உம் கொட்டிக்கொண்டே ஓட்டினேன். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"லீவு வருதே, வண்டிய வீட்டுக்குக் கொண்டு வரலையா? ஹாலுல எடம் பண்ணிரலாம்."

"வேண்டாம். லேப்லயே இருக்கட்டும்" என்றாள். "அங்க பூட்டு இருக்கு."

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிக் காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. என்ன சொன்னோம் என்றுகூட அவள் கவனித்திருக்க மாட்டாள். தோளில் இருந்த கையையும் எடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் ரோட்டோரம் ஒரு அம்மா வெண்டைக்காய் குவித்து வைத்திருந்ததைப் பார்த்து, நிறுத்துங்க, பிஞ்சா இருக்கு என்றாள். நிறுத்தினேன். அவள் இறங்கிப் போய் ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்துப் பொறுக்கினாள். நான் வண்டியை அணைக்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.